கொழும்புத் திட்டமும் மூடப்பட்ட எல்லையும்

2020 மார்ச் 20ஆந் திகதி இரவு அவுஸ்திரேலியா அந்நியருக்குத் தன் எல்லைகளை மூடிற்று. விசாவும் கட்டணப் பற்றுச்சீட்டும் கையிலிருந்தும் ஆசிய மாணவர் ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. இதனைக் கொள்ளைநோயின் தற்செயல் விளைவென்று மட்டும் கொள்வோர் உளர். அக்கூற்றை ஏற்க நாம் தயங்குகிறோம். எல்லைக்கு வெளியே நின்ற மாணவனின் நிலை அதற்கு முந்திய எழுபதாண்டுகளில் உருவாகி வந்ததொன்றாகும்.

அவ்வரலாறு கொழும்பிலே தொடங்குகிறது. 1950 ஜனவரியிற் பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர்கள் இங்கு கூடி வகுத்த திட்டத்தின்கீழ் ஆசிய இளைஞர் புலமைப்பரிசில் பெற்று அவுஸ்திரேலியா சென்றனர். வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுத்த கொள்கை அங்கு அப்போது நடைமுறையில் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. ஆசியாவிற் பொதுவுடைமை பரவுதலைத் தடுக்கும் நோக்கமே இத்தாராளத்தின் பின்னணி. (சொந்தச் செலவிற் சென்றோரே தொகையிற் கூடியவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) எனினும் மாணவன் ஓரளவு விருந்தினனாகவே மதிக்கப்பட்டான். 1974இல் விற்லம் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தபோது பிறநாட்டு மாணவரும் அப்பயனைப் பெற்றனர்.

இந்நிலை நீடிக்கவில்லை. 1979இற் பிறநாட்டு மாணவர்க்கெனத் தனிக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. 1985இல் முழுக்கட்டண மாணவரைச் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதி பெற்றன. காலப்போக்கில் இரும்புத்தாது, நிலக்கரி ஆகியவற்றுக்கு அடுத்த ஏற்றுமதிப் பொருளாகக் கல்வி எண்ணப்படலாயிற்று. அரசு மானியம் குறையக் குறைய, ஆசியக் குடும்பங்களின் சேமிப்பு அங்குள்ள ஆய்வுகூடங்களையும் தாங்கலாயிற்று.

கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வுறவின் தன்மை தெளிவாயிற்று. 2020 ஏப்ரல் 3இற் பிரதமர் ஸ்கொட் மொறிசன், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத தற்காலிக விசாக்காரர் நாடு திரும்ப வேண்டுமெனக் கூறினார். வேலையிழந்த மாணவர்க்கு அரசின் ஊதிய மானியம் இல்லை. வெளியே இருந்தோர்க்கோ கணினித் திரையே வகுப்பறை. மெல்பேணிற் காலை ஒன்பது மணி விரிவுரை யாழ்ப்பாணத்து மாணவனுக்கு விடியற்புறம் நான்கரை மணி. அங்கு கோடைகாலமாயின் மூன்றரை. சில நிறுவனங்கள் சலுகை வழங்கினவெனினும் கட்டணம் தொடர்ந்து அறவிடப்பட்டது. ஆய்வுகூடப் பயிற்சியைத் திரையிற் பெறுவது எங்ஙனம்?

மாணவர்க்கு எல்லை 2021 டிசம்பர் 15இல் திறந்தது. அடுத்த மாதம், ஆட்பற்றாக்குறை முற்றிய வேளையில், அதே பிரதமர் மாணவரை விரைந்து வருமாறு அழைத்தார். விசாக் கட்டணம் திருப்பித்தரப்படும் என்றார். இருவாரத்துக்கு 40 மணித்தியாலம் என்றிருந்த வேலை வரம்பும் தற்காலிகமாக நீக்கப்பட்டது. அழைப்பு வகுப்பறைக்கா, உணவகத்துக்கா என்று ஐயுறுதல் தவறாகாது.

நம்மவர் பலர்க்கு அவ்வழைப்பும் பயன்படவில்லை. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாவின் பெறுமதி சரிந்தது. 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிற்று. அவுஸ்திரேலிய டொலரும் உடன் ஏறிற்று. ஈராண்டு முன் காணியை ஈடுவைத்துக் கணக்கிட்ட கட்டணம் இப்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று. ஈட்டுக்கடனின் வட்டியோ இடையில் நிற்கவில்லை.