கோடு எங்கிருந்து தொடங்குகிறது?

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் லாரித் தண்ணீர்ச் செலவுப் படம் திரையில் வந்ததும் எழுந்த கூச்சல், வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரலில் கீழே கிடந்த கோடு செப்டம்பரில் உச்சிக்கே போயிருந்தது. "ஆறே மாசத்துல ரெண்டு மடங்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பொருளாளர் பதில் சொல்வதற்குள் 'கமிஷன்' என்ற வார்த்தையும் வந்து விழுந்துவிட்டது. அவர் அன்றிரவே ராஜினாமாக் கடிதம் எழுதியதும், நாலு பேர் போய்ச் சமாதானம் சொன்னதும் தெரிந்த கதைதான்.

வீட்டுக்கு வந்து கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரலில் 1,82,000 ரூபாய், செப்டம்பரில் 1,98,000 ரூபாய். உயர்வு 16,000, அதாவது 9 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆனால் படத்தில் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 1,70,000-இல் தொடங்கியிருந்தது. அந்த அடியிலிருந்து அளந்தால் ஏப்ரல் 12,000 உயரம், செப்டம்பர் 28,000 உயரம். எண்கள் எல்லாம் சரி. கண்ணுக்குத் தெரிந்ததுதான் இரண்டு மடங்குக்கு மேல். பொருளாளர் வேண்டுமென்று செய்யவில்லை, எக்ஸல் தானாகப் போட்ட அச்சு அது. ஏன் அப்படிப் போடுகிறது என்று தேடப்போய் 1786 வரை போய்விட்டேன்.

அந்த ஆண்டில்தான் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். பணக் கணக்கைக் கோட்டு வரைபடமாகப் போடும் வழக்கத்துக்கு அவரையே முன்னோடி என்கிறார்கள். நீராவி எந்திரத்து ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர். தினசரி வெப்பநிலையைக் கோடுகளாகக் குறிக்க அண்ணன் ஜான் சிறு வயதில் கற்றுக்கொடுத்ததுதான் இதற்கு வித்து என்று அவரே எழுதியிருக்கிறார். டென்மார்க், நார்வே நாடுகளுடன் 1700 முதல் 1780 வரை நடந்த வியாபாரத்தைக் காட்டும் படம் அதில் பெயர்பெற்றது. கிடை அச்சில் ஆண்டுகள். செங்குத்து அச்சில் பத்தாயிரம் பத்தாயிரம் பவுண்டாகப் பணம்; அந்த எண்களை நம்மைப் போல இடப்பக்கம் போடாமல் வலப்பக்கம் போட்டார். அதோடு, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று படத்தின் அடியிலேயே ஒரு வாக்கியமும் எழுதிவைத்தார். செப்புத் தகட்டில் கையால் செதுக்க வேண்டிய காலம். அச்சு எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று யோசிக்காமல் ஒரு கோடும் கீறியிருக்க முடியாது.

அவரும் ஒன்றும் சாதுவல்ல. தேசியக் கடனுக்கான வட்டி ஏறுவதைக் காட்டும் படத்தைக் குறுகலாகவும் உயரமாகவும் வரைந்தார். கோடு செங்குத்து மலை மாதிரி நிற்கிறது. லண்டனில் வங்கி ஒன்றும் நடத்திப் பார்த்தார். அது மூழ்கிவிட்டது.

வரைபடங்கள் பெருகியதும் ஒழுங்குமுறை தேவைப்பட்டது. 1915-இல் அமெரிக்காவில் வில்லர்ட் பிரின்டன் தலைமையிலான கூட்டுக் குழு விதிகளை வெளியிட்டது. முடிந்தவரை செங்குத்து அச்சில் பூஜ்யம் தெரிய வேண்டும். முடியாவிட்டால் நடுவில் படத்தை வெட்டிக் காட்டி, இங்கே ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். நியாயமான விதி. காய்ச்சல் சார்ட்டைப் பூஜ்யத்திலிருந்து போட்டால் 98.6-க்கும் 102-க்கும் வித்தியாசமே தெரியாது. வெட்டுவது குற்றமில்லை, வெட்டியதை மறைப்பதுதான் குற்றம். 1954-இல் டேரல் ஹஃப் என்ற பத்திரிகையாளர், படத்தின் அடிப்பகுதியை வெட்டிப் போட்டு ஆளை மலைக்க வைப்பது எப்படி என்று ஓர் அத்தியாயமே எழுதினார்.

ஹஃப் எழுதியதை நான் படித்தது ஓய்வுக்குப் பிறகு. ஆனால் அந்த வித்தை எனக்கு 1984-லேயே தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலதிகாரி கிளையைப் பார்வையிட வருகிறார் என்று டெபாசிட் வளர்ச்சிப் படம் போடச் சொன்னார் மேலாளர். கிராஃப் தாளில் ஒழுங்காகப் பூஜ்யத்திலிருந்து பென்சிலில் போட்டுக் கொண்டுபோனேன். "இது படுத்துக் கிடக்கேப்பா. கீழே இருக்கறத விட்டுட்டு மேலேர்ந்து ஆரம்பி" என்றார். மறுபேச்சில்லாமல் அழித்துவிட்டு மாற்றிப் போட்டு, இந்தியன் இங்க்கும் பூசினேன். வந்தவர் படத்தைப் பாராட்டிவிட்டுப் போனார். நாற்பது வருஷம் கழித்து அதே கோட்டை நம் திரையில் பார்த்தபோது, பொருளாளர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்த முடிவு மனிதர் கையை விட்டுப் போனது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 வரைபடத்தையும் சேர்த்தே தந்தது. அதிலேயே அச்சுக்குத் 'தானாக', 'கையால்' என்று இரண்டு வழிகள் இருந்தன. எக்ஸல் 1985-இல் முதலில் மெக்கின்டாஷுக்கு வந்தது, 1987-இல் விண்டோஸுக்கு. அதன் தானியங்கி விதி இதுதான்: சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கும், தாண்டாவிட்டால் மேலே எங்கோ தொடங்கும். நமக்கு ஆறில் ஒரு பங்கு 33,000, வித்தியாசமோ 16,000. அதனால் அடி வெட்டுப்பட்டது. வேடிக்கையைப் பாருங்கள்: ஏப்ரல் செலவு 1,60,000 ஆக இருந்திருந்தால் வித்தியாசம் 38,000, எக்ஸல் பூஜ்யத்திலிருந்தே போட்டிருக்கும். செலவு நிஜமாகவே அதிகம் ஏறியிருந்தால் கோடு சாதுவாகத் தெரிந்திருக்கும், கூச்சலும் எழுந்திருக்காது.

மாற்றுவது சுலபம். அச்சில் உள்ள எண்கள் மீது இரண்டு முறை கிளிக் செய்தால் 'ஃபார்மட் ஆக்சிஸ்' திறக்கும். அதில் 'மினிமம்' கட்டத்தில் 0 என்று அடித்தால் போதும். 'மேக்சிமம்' கட்டத்தைத் தொடாதீர்கள். நாம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் அது அப்படியே நின்றுவிடும், அடுத்த மாதச் செலவு அதைத் தாண்டினால் கோடு படத்துக்கு வெளியே போய்விடும். அங்கேயே 'டிஸ்ப்ளே யூனிட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். 'மில்லியன்' பெயரோடு இருக்கிறது. நம் லட்சத்துக்குப் பெயர் இல்லை, 100000 என்று எண்ணாக மட்டும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் 200000 என்பது 2 என்று வரும்.

பழைய படத்தையும் பூஜ்யத்தில் தொடங்கும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கமாக அச்செடுத்து, சங்க அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். புதிய படத்திலும் கோடு ஏறத்தான் செய்கிறது. மாதம் 16,000 ரூபாய் கூடியது நிஜம், அதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் லோடு எண்ணிக்கை கூடியதா, லோடு விலை கூடியதா என்று இந்த ஒரு கோடு சொல்லாது. அதற்காக கேட்டில் செக்யூரிட்டி எழுதிவைத்த லாரிப் பதிவுகளை மாதவாரியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜூன் மாத நோட்டு மட்டும் கிடைக்கவில்லை. யார் கையிலாவது இருந்தால் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.