இலண்டன் சமையற்கட்டில் இந்தியா

கடல் கடந்து கல்வி பயிலச் செல்லும் பிள்ளைகள் தாய்நாட்டை மறந்துவிடுவர் என்று நம் காலனிப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. எம் மகன் சென்ற ஆண்டு வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்ந்தபோது நாமும் அஞ்சினோம். அன்று முதல் புரட்டிய வரலாற்று நூல்களிற் கண்டதை ஈண்டு அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

1888-ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், முதலில் ஆங்கிலேயரைப் போல் உடுக்கவும் நடனமாடவும் பிடில் வாசிக்கவும் முயன்றார். அவர் பகவத்கீதையை முதன்முதலாகப் படித்ததும் அந்நகரில்தான். அதுவும் பிரம்மஞான சங்கத்தார் இருவர் அழைத்தபின், ஆங்கில மொழிபெயர்ப்பின் துணையோடு. வடமொழியிலோ குஜராத்தியிலோ அதைப் படித்ததில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாயிருந்ததாம்.

நிற்க. 1905-இல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா இலண்டனில் 'இந்தியா ஹவுஸ்' என்னும் மாணவர் விடுதியைத் தொடங்கினார். மராட்டியரும் வங்காளியரும் பஞ்சாபியரும் தமிழரும் அங்கே ஒரே பந்தியில் உண்டனர். ஊரிலேயே இருந்திருப்பின் ஒருவரையொருவர் கண்டிருக்கவும் மாட்டார்கள். வெள்ளையர் கண்ணுக்கு அனைவரும் இந்தியரே. (தஞ்சாவூரும் திருநெல்வேலியும் இங்கு வந்து 'மதராஸி' என்று ஒன்றாகவில்லையா!)

அவ்விடுதியோடு தொடர்பு கொண்ட தமிழருள் இருவர், பாரிஸ்டராகச் சென்ற வரகனேரி வ. வே. சு. ஐயரும், மருத்துவம் பயின்ற ஸ்ரீரங்கத்து டி. எஸ். எஸ். ராஜனும் ஆவர். 1909 அக்டோபரில் இலண்டன் இந்தியர் விஜயதசமி விருந்து நடத்தினர். சமையல் மாணவர் பொறுப்பு. தென்னாப்பிரிக்காவினின்று வந்திருந்த காந்தியடிகள், உணவு சைவமாயிருந்தால் தலைமை தாங்குவதாக இசைந்திருந்தார். அன்று மெலிந்த மனிதர் ஒருவர் சமையற்கட்டில் நுழைந்து பாத்திரம் கழுவவும் காய் திருத்தவும் தொடங்கினார். பின்னர் ஐயர் வந்த பிறகே, அவர்தாம் விருந்தின் தலைவர் என்பது ராஜனுக்குத் தெரிந்ததாம். அவ்விருந்தில் சாவர்க்கரும் பேசினார்.

அங்கு விளைந்த உணர்ச்சியனைத்தும் நல்வழியிற் சென்றது என்று நாம் கூறமாட்டோம். அதே ஆண்டு ஜூலையில், பொறியியல் மாணவர் மதன்லால் திங்க்ரா, கர்ஸன் வைலி என்னும் அதிகாரியைச் சுட்டுக் கொன்று தூக்குமேடை ஏறினார். விடுதியும் நிலைக்கவில்லை.

ஐயரோ, படிப்பை முடித்தும் அரச விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பாரிஸ்டர் பட்டத்தையே துறந்தார். 1910-இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி அடைந்தார். அங்கிருந்த காலத்தில் திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்தார். பின்னர்ச் சிறையிலிருந்தபோது கம்பராமாயணத்தை ஆராய்ந்து எழுதினார். இலண்டன் சென்றதால் அவர் தமிழ் குறைந்ததாக எமக்குத் தோன்றவில்லை. ராஜன் திருச்சியில் மருத்துவரானார். 1930 ஏப்ரலில் இராஜாஜியின் வேதாரணிய உப்பு யாத்திரை புறப்பட்டது அவர் வீட்டு வாயிலிலிருந்துதான்.