நடுக்குவாதம்: மாத்திரையை ஆரம்பிப்பதா, தள்ளிப்போடுவதா?

தேசூரிலும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜும்ஆவுக்குப் பிறகு நம்மிடம் வரும் கேள்விகளில் ஒன்று இப்போது அடிக்கடி வருகிறது. "ஹஜ்ரத், அத்தாவுக்குக் கை நடுக்கம். நரம்பு டாக்டர் பார்க்கின்சன்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார். இந்த நோய் குணமாகாதாம், மாத்திரை சாப்பிட்டாலும் வளருமாம். அப்புறம் எதுக்கு சாப்பிடணும்னு அத்தா கேக்கிறார். சாப்பிடாம இருந்தா குற்றமா?"

இதற்கு ஒரே வரியில் ஃபத்வா சொல்லிவிட முடியாது. மருந்து என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பது தெரிந்தால்தான் மார்க்கச் சட்டம் எங்கே பொருந்தும் என்று சொல்ல இயலும். ஆகவே முதலில் நோயைப் பார்ப்போம்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-ல் இந்நோயை விவரித்து எழுதினார். நம் நாட்டு வைத்தியத்தில் இதற்கு நடுக்குவாதம், கம்பவாதம் என்று பெயர். மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அதனால் உடல் அசைவு மெதுவாகிறது, தசை இறுகுகிறது, கை நடுங்குகிறது. கையெழுத்து சிறுத்துப்போவதும் வாசனை தெரியாமல் போவதும் பலருக்கு முன்கூட்டியே வரும் அடையாளங்கள்.

தறி ஓட்டுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் தெரியும். நாடா ஓட்டும்போது குறைந்துவிடும். ஆனால் அறுந்த பட்டு இழையைப் பிணைக்க விரல் வராது, மிதியில் கால் பின்தங்கும். தொழிலைக் கெடுப்பது நடுக்கத்தைவிட இந்த மந்தம்தான். டீ கிளாஸைத் தூக்கும்போது மட்டும் கை ஆடுகிறது என்றால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு. எனவே மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவது கூடாது. வேலூர் சி.எம்.சி.யிலோ, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும்.

முதன்மையான மருந்து லெவோடோபா. இதன் வரலாற்றில் நமது மாநிலத்துக்கும் பங்குண்டு. பூனைக்காலி விதையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1937-ல் ஆய்விதழில் வெளியிட்டவர்கள் சென்னையில் பணியாற்றிய தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள். அது இந்த நோய்க்குப் பயன்படும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1961-ல் வியன்னாவில் நோயாளிகளுக்கு ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் என்ற மருத்துவர், சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி வாய்வழியாகக் கொடுத்து நல்ல பலன் கண்டார். பிறகு கார்பிடோபா சேர்க்கப்பட்டது. லெவோடோபா மூளையை அடையும் முன்பே வீணாகாமல் அது காப்பதால் குறைந்த அளவே போதும், வாந்தியும் குறையும்.

பூனைக்காலியைப் பற்றி இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், நாட்டு மருந்துக்கடைப் பொடி போதும்" என்கிறவர்கள் உண்டு. அந்தப் பொடியிலும் இருப்பது அதே லெவோடோபாதான். பக்கவிளைவும் அதேதான். ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும் என்பது ஒரு வித்தியாசம். மாத்திரையும் சாப்பிட்டு, டாக்டருக்குச் சொல்லாமல் பொடியும் சாப்பிட்டால் மருந்து இரட்டிப்பாகும். சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இனி, தள்ளிப்போடும் கேள்வி. "இந்த மாத்திரை சில வருஷம்தான் வேலை செய்யும், இப்பவே தீர்த்துடக் கூடாது, முடியாத காலத்துக்கு வெச்சிக்கணும்" என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, ஒருகாலத்தில் மருத்துவர்களிடமும் இருந்தது. நெதர்லாந்தில் 445 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு உடனேயும் மற்றவர்களுக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபா கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. 80 வாரங்களின் முடிவில் இரு சாராரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது முன்கூட்டிச் சாப்பிட்டதால் நோய் நிற்கவும் இல்லை, கெடுதல் கூடவும் இல்லை. கானா, இத்தாலி ஆகிய இரு நாட்டு நோயாளிகளை ஒப்பிட்டு 2014-ல் வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. மருந்தின் வேகம் ஏறி இறங்குவதும் உடல் தானாக நெளிவதும் வருவதற்கு, மருந்து சாப்பிட்ட வருடங்களைவிட நோய் இருந்த வருடங்களே முக்கியக் காரணம் என்பது அதன் முடிவு. சேமித்து வைப்பதால் லாபம் இல்லை. அதேசமயம், நடுக்கம் லேசாக இருந்து தொழிலுக்கும் தொழுகைக்கும் இடைஞ்சல் இல்லையென்றால், டாக்டரின் கண்காணிப்பில் சில மாதம் பொறுத்திருப்பதிலும் நஷ்டம் இல்லை.

இப்போது மார்க்கத்தின் பக்கம் வருவோம். மருந்து செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது அபூதாவூத், திர்மிதி போன்ற நூல்களில் உள்ளது. ஆனாலும் அது எல்லா நோயிலும் கட்டாயக் கடமை என்று இமாம்கள் சொல்லவில்லை. தவக்குல் உள்ளவர் மருந்தை விடுவதைச் சிறப்பாகக் கருதியவர் இமாம் அஹ்மத் (ரஹ்). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: பசிக்கு உணவு போல உறுதியானவை, பெரும்பாலும் பலன் தருபவை, வெறும் ஊகமானவை. முதல் வகையை விடுவது தவக்குல் ஆகாது. ஜித்தாவில் 1992-ல் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் இதே பாதையில்தான் சென்றது. மருந்தை விட்டால் உயிரோ உறுப்போ போகும், முடமாகும், அல்லது பிறருக்கு நோய் பரவும் என்றால் மருத்துவம் கட்டாயம். உடல் பலவீனமாகும் என்றால் விரும்பத்தக்கது. நோயைவிட மருந்தின் பாதிப்பே அதிகம் என அஞ்சினால் வெறுக்கத்தக்கது.

லெவோடோபா நோயை நிறுத்தாது. ஆனால் அசைவைத் திருப்பித் தருவதில் அதன் பலன் பலமுறை நிரூபிக்கப்பட்டது. எனவே ஆரம்ப நிலையில் அதைச் சாப்பிடுவது விரும்பத்தக்கது. விட்டவர் பாவி அல்ல. கீழே விழுவதும், உணவு விழுங்க முடியாமல் போவதும், படுக்கையில் முடங்குவதும் தொடங்கிய பின், மருந்தால் அவை குறையும் என்று மருத்துவர் சொல்லியும் மறுப்பது கட்டாயத்தை மீறுவதற்கு அருகில் போய்விடுகிறது. இது நமது கருத்து.

பொறுமைக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது புகாரியில் உள்ள வலிப்பு நோய்ப் பெண்மணியின் செய்தி. பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணத்துக்கு துஆ என்று நபியவர்கள் அவருக்கு விருப்பம் கொடுத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் செய்தி அதோடு முடியவில்லை. விழும்போது ஆடை விலகுகிறது, அது நேராதிருக்க துஆ செய்யுங்கள் என்றும் கேட்டார்; நபியவர்கள் செய்தார்கள். நோயைப் பொறுத்துக்கொண்டவர், நோய் உண்டாக்கும் சங்கடத்துக்குத் தீர்வு கேட்டார். லெவோடோபாவும் அப்படித்தான், நோயை நீக்காமல் சங்கடத்தைக் குறைக்கிறது. இந்தச் செய்தியை மாத்திரைக்கு எதிராகக் காட்டுவதைவிட ஆதரவாகக் காட்டுவதே பொருத்தம்.

முடிவெடுப்பவர் நோயாளிதான். சுயநினைவுள்ள பெரியவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பது பிள்ளைகளுக்கு உரிமையல்ல. அவருடைய சம்மதம் தேவை என்பதை அகாடமியின் தீர்மானமும் சொல்கிறது.

குடும்பத்தார் அறிய வேண்டிய பக்கவிளைவுகள் சில உண்டு. குமட்டல் வரும், ஸஜ்தாவிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம், அப்படியானால் நாற்காலியில் தொழட்டும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். உடனே ஜின் என்று ஓதிப்பார்க்க அழைத்து வருகிறார்கள். முதலில் டாக்டரிடம் போங்கள். பிரமிபெக்ஸால், ரோபினிரோல் போன்ற வேறு வகை மாத்திரைகளால் சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, மிதமிஞ்சிய இச்சை உண்டாகும். ஐம்பது வருஷம் ஒழுக்கமாக வாழ்ந்தவர் திடீரென ரம்மியில் பணத்தை விட்டால், பயான் செய்வதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். லெவோடோபாவால் வியர்வை நிறம் கருத்துத் துணியில் கறை படியலாம். அது நஜீஸ் அல்ல.

வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு இந்த நோயைக் கூட்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாங்கு நேரத்தை மாத்திரை நேரமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லெண்ணத்தில் வந்தது, ஆனால் சரிப்படாது. பஜ்ருக்கும் லுஹருக்கும் நடுவே ஏழு மணி நேரம், அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே மூன்று மணிகூட இல்லை. இந்த மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். பருப்பு, முட்டை, இறைச்சியிலுள்ள புரதம் மருந்தைக் குடலில் தடுப்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ போடுவது நல்லது.

ரமளானில்தான் ஆபத்து அதிகம். நோன்புக்காக மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது சூரா பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் தெளிவாக உள்ளது. நாளுக்கு ஒரே வேளை மாத்திரை போதும் என்ற நிலையில் இருப்பவர், டாக்டர் அனுமதித்தால் ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொண்டு நோன்பு வைக்கலாம். மூன்று நான்கு வேளை சாப்பிடுகிறவர் நோன்பை விட்டுவிட்டு, இது தீராத நோய் என்பதால், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவைக் கொடுக்க வேண்டும். அவ்வருடத்துத் தொகையை ரமளான் தொடக்கத்திலேயே ஜமாஅத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.