கிரேக்க எச்சத்தொடர்களும் கணிப்பொறித் தேடலும்

சீகன்பால்கு கிரேக்க மூலத்திலிருந்து தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி நிறைவுற்றது. அன்றைய மொழிபெயர்ப்பாளர் ஏட்டைப் புரட்டித் தேடிய இலக்கண அமைப்புகளை, 1976இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற கிராம்கார்ட் திட்டம் கணிப்பொறிவழித் தேடத்தக்கனவாக்கிற்று. சொல்லை மட்டுமன்றித் தொடரமைப்பையும் தேட இயன்றமையே அதன் சிறப்பு.

கிரேக்கத்தில் எழுவாயோடு இயைந்து வரும் எச்சவினை, வினைமுதல் ஒன்றாகவுள்ள செயலைக் குறிக்கும். வேறு வினைமுதல் வரின், பெயரும் எச்சமும் ஆறாம் வேற்றுமை ஏற்றுத் தனித்து நிற்கும். செய்து, செய்யூ, செய்பு என்பன தம் வினைமுதலின் வினைகொண்டு முடியும் என்றும், பிற எச்சங்கள் பிறவினைமுதல் வினையும் கொள்ளும் என்றும் தொல்காப்பியம் வகுத்த பாகுபாடு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

எனினும் இவ்வொப்புமை முற்றிலும் பொருந்துவதன்று. மத்தேயு 1:18இல் ஆறாம் வேற்றுமைத் தனிநிலைத் தொடரின் வினைமுதலும் முதன்மை வினையின் வினைமுதலும் மரியாளே. வேற்றுமையை மட்டும் நோக்கும் தேடல் இவ்விடத்தையும் தரும். வினைமுதல் ஒன்றா, வேறா என்பதைத் தாராது. இருநிலைக்கும் ஏற்ற 'கையில்' என்னும் ஈற்றைப் பழைய மொழிபெயர்ப்பு இங்கு ஆண்டுள்ளது.

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குவதால் சிக்கல் மேலும் தெளிவாகிறது. தமிழில் 'போய்' எச்சம், 'போனான்' முற்று. மலையாளம் வினைமுற்றில் பாலிட விகுதிகளை இழந்தமையால், 'போயி' என்பது எச்சமும் இறந்தகால முற்றும் ஆகும். மத்தேயு 28:19இல் கிரேக்க எச்சத்தை அடுத்து ஏவல் வருகிறது. இத்தகைய இடங்களுக்கு நிகரானவற்றை இருமொழி மொழிபெயர்ப்புகளிலும் வடிவத்தால் மட்டும் தேடின், தமிழில் எச்சம் தனித்துக் கிட்டும். மலையாளத்தில் முற்றும் கலந்தே கிட்டும். அவ்வெண்ணிக்கைகளைக் கொண்டு இருமொழியின் நடையை ஒப்பிடுதல் பிழையாகும்.

ஆதலின், எல்லைப்பகுதி வாசகருக்கான மொழிபெயர்ப்பை ஆராய்வோர் முதலில் வினைமுதலைக் குறித்துத் தரவைப் பகுத்தல் வேண்டும். பின்னரே தேடுதல் வேண்டும். கணிப்பொறி இடங்களைத் தொகுக்கும். எழுவாயை அறிந்து பொருள் தெளிதல் இலக்கணமறிந்தார் கடன்.