சில்லு இருந்ததா, இல்லையா?

முதல் விமானத்தைப் பறக்கவிட்டது யார் எண்டு கேட்டால், நாங்கள் யோசிக்காமல் ரைட் சகோதரர்கள் எண்டு சொல்லுவம். சோதினைக்கும் அப்பிடித்தான் பாடமாக்கினது. பிரேசிலில் கேட்டால் அல்பேர்ட்டோ சாந்தோஸ் துமோன் என்பார்கள். இந்தப் பழைய சண்டைக்கு நடுவில் கிடப்பது ஒரு சில்லு.

1903 டிசம்பர் 17 இல் அமெரிக்காவின் கிற்றி ஹோக் மணலில் பறந்த ரைட் விமானத்துக்குச் சில்லே இல்லை. அடியில் சறுக்குக் கட்டைகள்தான். 60 அடித் தண்டவாளம் போட்டு, அதில் உருளும் ஒரு சின்னத் தாங்கியில் வைத்துக் கிளப்பினார்கள். அந்தத் தாங்கி உருண்டது சைக்கிள் ஹப்பில்! சைக்கிள் கடைக்காரர் சைக்கிள் ரயரை விட்டுவிட்டது வேடிக்கைதான். ஆனால் கடற்கரையில் சைக்கிள் உருட்டின ஆருக்கும் அதன் காரணம் விளங்கும்.

1906 ஒக்டோபர் 23 இல் பரிசில் சாந்தோஸ் துமோனின் 14-பிஸ் தன் சொந்தச் சில்லில் ஓடி எழும்பி, ஏறக்குறைய 60 மீற்றர் பறந்தது. தண்டவாளம் இல்லாமல் எழும்பினால்தான் அது விமானம் என்பது பிரேசில் பக்க வாதம். எங்களுக்கு அது முழுக்க ஒப்பவில்லை. 1903 இல் தண்டவாளம் விமானத்தைத் தள்ளவில்லை, இயந்திரம்தான் ஓட்டியது. பாரத்தை விழுத்தி விமானத்தை எறிகிற கோபுரத்தை ரைட் சகோதரர்கள் கட்டினது 1904 இல். கடைசியில் 1910 இல் அவர்களும் சில்லுப் பூட்டினார்கள்.

அதே 1910 இல் சாந்தோஸ் துமோனின் இன்னொரு விமானமான துமுவாசேலின் வரைபடம் அமெரிக்காவின் பொப்பியூலர் மெக்கானிக்ஸ் சஞ்சிகையில் வந்தது. மூங்கில் உடம்பு, சைக்கிளில் இருப்பது போன்ற கம்பிச் சில்லு. அவர் காப்புரிமை கேட்கவில்லை. விரும்பினவர் பார்த்துக் கட்டலாம். எங்களுக்கு அவரில் பிடித்ததே இதுதான். வீட்டில் விமானம் கட்டுறவர்களின் கதையை நாங்கள் இங்கிருந்துதான் தொடங்குவோம்.

இண்டைக்குக் கராஜுக்குள் விமானம் கட்டுகிற ஒருவர் ரயர் வாங்கப் போனாலும் அதே பழைய கேள்விதான்: எந்த நிலத்தில் ஓடப் போகுது? ரயரில் 5.00-5 எண்டு இருந்தால், அகலம் ஏறக்குறைய 5 அங்குலம், றிம் 5 அங்குலம். தார் ஓடுபாதைக்கு அது காணும். சின்னது எண்டபடியால் காற்று இழுவையும் குறைவு. ஆனால் புல்தரையில் ஒரு குழிக்குள் விழுந்தால் சின்னச் சில்லு ஏறி வராது, மாட்டிக்கொள்ளும். விமானம் மூக்குக் குத்திப் பிரளலாம். அதால் புல்தரைக்காரர் 6.00-6, 8.50-6 எண்டு பெருப்பித்துக்கொண்டு போவினம். அலாஸ்காவில் ஆற்றோரக் கல்லில் இறங்குகிறவர்கள் 30 அங்குலம் உயரமான ரயருக்குக் கொஞ்சக் காற்று மட்டும் அடித்துப் பூட்டுவினம். கல்லுக்கு மேலால் அது மெத்தை மாதிரி அமர்ந்து போகும். மேலே ஏறினதும் வேகத்தைத் தின்னும்.

பேர்ட் ருட்டானின் வரிஈஸி இதற்கு நேர் எதிர். 1975 இல் முதல் பறந்த இந்த விமானத்தை வரைபடம் வாங்கி வீட்டில் கட்டினவர்கள் ஏராளம். சின்னச் சில்லு, நல்ல வேகம். புரொப்பெல்லர் மட்டும் பின்னால். சரளைப் பாதையில் இறக்கினால், சில்லுக் கிளப்புகிற கல் நேரே போய் அடிக்கிறது அந்தப் புரொப்பெல்லரில்தான்.