இளவட்டக்கல் முதல் எடைப்பொறி வரை

தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊர்ப் பொதுவிடத்தில் உருண்டையான, வழவழப்பான கல்லொன்று கிடப்பதைக் காணலாம். அதுவே இளவட்டக்கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடும் இளைஞனுக்கே பெண் கொடுப்பர் என்று முதியோர் சொல்வதுண்டு. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடைபெறும் இப்போட்டியில் இன்று பெண்களும் கலந்துகொள்கின்றனர்.

ஆனால் இக்கல்லுக்கு ஒரு குறை உண்டு. அதன் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியாது. அது வலிமையைச் சோதிக்கும் கருவி. வளர்க்கும் கருவி அன்று. இக்குறையைப் போக்க மனிதன் செய்த முயற்சிகளே உடற்பயிற்சிக் கருவிகளின் வரலாறு எனலாம்.

கர்லாக்கட்டை இம்முயற்சியில் ஒரு படி. அதன் கனமான பகுதி கைப்பிடிக்கு எட்ட அமைந்திருக்கிறது. விசை செயற்படும் தொலைவு கூடினால் திருப்புத்திறன் கூடும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே சிறு எடையும் தோளுக்குப் பெரிய வேலை தருகிறது. இந்தியாவில் இதைக் கண்ட ஆங்கிலேயப் படையினர் 19-ஆம் நூற்றாண்டில் தம் நாட்டுக்கும் எடுத்துச் சென்றனர்.

1865-இல் சுவீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர், ஸ்டாக்ஹோமில் இயந்திரங்கள் நிறைந்த பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். நெம்புகோலில் எடையை நகர்த்திச் சுமையை மாற்றும் முறையை அவர் கையாண்டார். எடையை மாற்றாமலே திருப்புத்திறனை மாற்றினார்!

அடுத்து வந்தவர் யூஜின் சாண்டோ. 1905-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்த பயில்வான் இவர். திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரிலும், நாம் அணியும் சாண்டோ பனியனிலும் இவர் பெயர் இன்றும் வாழ்கிறது. கைப்பிடியில் சுருள்வில் பொருத்திய கருவியை இவர் விற்றார். வில்லை இழுக்க இழுக்க அதன் எதிர்விசை வளரும். ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை. ஆகவே வில் கருவியில் இழுப்பின் தொடக்கம் எளிது, முடிவு கடினம்.

இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்த அமெரிக்கர் தாமஸ் டிலோர்ம், சுமையைப் படிப்படியாகக் கூட்டினால் நலிந்த தசை மீண்டும் வலுப்பெறும் என்று 1945-இல் எடுத்துக்காட்டினார். கருவி எதுவாயினும் அடிப்படை இதுவே.

முழங்கையை மடித்து 10 கிலோ எடையைத் தூக்குவதாகக் கொள்வோம். எடை முழங்கை மூட்டிலிருந்து 35 செ.மீ. தொலைவில் உள்ளது, தசை பற்றியுள்ள இடமோ ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில். முன்கை கிடைநிலையில் இருக்கும்போது தசை 70 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தரவேண்டும். கை நேராகத் தொங்கும்போதோ அதற்கு வேலை மிகக் குறைவு. இவ்வேறுபாட்டை ஈடுசெய்ய, 1970-இல் ஆர்தர் ஜோன்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த நாட்டிலஸ் பொறியில், கடல்நத்தையின் ஓடு போன்ற வடிவுடைய சக்கரம் இருந்தது. அதன் ஆரம் இடத்துக்கு இடம் மாறும், சுமையும் மாறும்.

இன்று அண்ணனூர், ஆவடி போன்ற புறநகர்களில் சிறு வீட்டிலும் இத்தகைய பொறியை வாங்கிவைக்க ஆசைப்படுகிறோம். மாதச் சம்பளத்தை விழுங்கிய பொறி, துணி காயப்போடும் கொடியாகிவிடக் கூடாதல்லவா? வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பொறியில் 50 கிலோ என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். சுமையை ஓர் இயங்கும் கப்பி தாங்கினால் கைக்கு வருவது ஏறத்தாழ 25 கிலோவே. கைப்பிடியில் வில்தராசை மாட்டி மெல்ல இழுத்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டாவது, சுமையைச் சிறு அளவுகளில் கூட்ட முடியவேண்டும். மூன்றாவது, அடிப்பகுதி அகன்று, முழு இழுப்பிலும் ஆடாதிருக்க வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரைக் கேட்பது நன்று.

பொறி இல்லையே என்று வருந்தவும் வேண்டியதில்லை. 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் இரு முறைகளிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவர் கையிலிருந்தது ஓர் இரும்புத் தண்டும் வட்டத் தகடுகளுமே. தசைக்குப் பொறியின் விலை தெரியாது. தன்மேல் வரும் விசை மட்டுமே தெரியும்.