"என் மனு எங்க நிக்குது சார்?" தாலுகா ஆபீஸில் ஃபைல்கள் தேங்குவது ஏன்? தீர்வு தரும் 5 பழக்கங்கள்

தென்காசி மாவட்டம் திருவேங்கடம் பக்கம் கரிசல் மண், மானாவாரி விவசாயம், தீப்பெட்டி வேலை. ஒருவர் ஒரே மனுவுக்காக தாலுகா ஆபீஸுக்கு இரண்டாவது முறை வந்தால், அன்றைய கூலி போச்சு.

2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியில் இருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. இதில் உள்ள 8 தாலுகாக்களில் திருவேங்கடமும் ஒன்று. ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் ஃபைல் வேகமாக நகர்வது, அதைக் கையில் வைத்திருக்கும் உதவியாளரின் வேலை முறையைப் பொறுத்தது. இது எந்த ஊர் தாலுகா ஆபீஸுக்கும் பொருந்தும்.

மனு எப்படி நகர்கிறது?

தபாலில் வரும் மனு பதிவாகி, சம்பந்தப்பட்ட பிரிவு உதவியாளரிடம் போகும். அவர் அதைத் தன்பதிவேட்டில் எழுதுவார். மனுவுக்குக் கிடைக்கும் எண்தான் கடிதங்களில் நாம் பார்க்கும் 'ந.க. எண்'. பிறகு விஏஓ, வருவாய் ஆய்வாளர் அறிக்கை, துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என ஃபைல் நகரும்.

குறிப்பு எழுத அரை மணி நேரம் போதும். ஆனால் அறிக்கைக்காகக் காத்திருப்பதில்தான் வாரங்கள் ஓடுகின்றன. தாமதம் பெரும்பாலும் வேலையில் இல்லை, காத்திருப்பில்தான் இருக்கிறது.

அரசு விதி என்ன?

மனு கிடைத்த 3 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் முடிவு தர வேண்டும் என்கிறது 2015 செப்டம்பரில் வந்த தமிழக அரசாணை எண் 99. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு 30 நாள் கெடு.

உதவியாளருக்குக் கைகொடுக்கும் 5 பழக்கங்கள்

1. அன்றைய தபாலை அன்றே பதியுங்கள்: தன்பதிவேட்டில் ஏறாத மனு, ஆபீஸில் இல்லாத மனு மாதிரிதான். ஒரு மாத கெடு மனு கிடைத்த நாளில் இருந்தே ஓடும். நாம் பதிவு செய்த நாளில் இருந்து இல்லை.

2. நினைவூட்டும் தேதியைக் குறியுங்கள்: அறிக்கை கேட்டு அனுப்பும்போதே, 'எப்போது திரும்பக் கேட்பது' என்ற தேதியை நாட்குறிப்பில் எழுதுங்கள். மனுதாரர் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

3. குறைகளை ஒரே தடவையில் சொல்லுங்கள்: இன்று ரேஷன் கார்டு, அடுத்த வாரம் பத்திர நகல் என்று கேட்டால் ஒருவருக்கு இரண்டு நாள் கூலி போகும். ஒவ்வொரு வகை மனுவுக்கும் தேவையான ஆவணப் பட்டியலை மேஜையிலேயே ஒட்டி வையுங்கள்.

4. மாதிரி வரைவு வைத்திருங்கள்: அடிக்கடி எழுதும் குறிப்பாணை, பதில் கடிதங்களுக்கு நிலையான வரைவு இருந்தால் பெயர், புல எண், தேதியை மட்டும் மாற்றினால் போதும். அனுப்பும் முன் புல எண்ணை ஒருமுறை சரிபார்ப்பது முக்கியம். பழைய ஃபைலின் எண் அப்படியே நின்றுவிட்டால் மொத்த வேலையும் வீண்.

5. வாரம் ஒருநாள் பழைய பாக்கி: புது மனுவை மட்டும் முடித்தால், சிக்கலான பழைய ஃபைல் அடியிலேயே கிடக்கும். வாரத்தில் ஒரு மணி நேரம், தன்பதிவேட்டின் பழைய பக்கத்தில் இருந்து தொடங்குங்கள்.

மே, ஜூனில் ஏன் நெரிசல்?

பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதால், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி பெரும்பாலும் மே, ஜூனில் நடக்கும். அதே நேரத்தில் பிளஸ் 2 ரிசல்ட் வந்து, கல்லூரி சேர்க்கைக்கு சாதி, வருமானச் சான்றிதழ் கேட்டு மாணவர்கள் குவிவார்கள். இரண்டு வேலைக்கும் விஏஓ, வருவாய் ஆய்வாளர்தான் தேவை. ஏப்ரலிலேயே பழைய பாக்கியை முடிக்கும் ஆபீஸ் இந்த நெருக்கடியைச் சமாளிக்கும்.

கம்ப்யூட்டர் வந்தால் சரியாகுமா?

இ-சேவை விண்ணப்பங்கள் ஆன்லைனில் நகர்கின்றன. தேசிய தகவல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸில், ஃபைல் யார் மேஜையில் நிற்கிறது என்பதும் தெரியும். ஆனால் காலையில் திறந்து பார்க்காத இன்பாக்ஸும், தூசி படிந்த ஃபைல் கட்டும் ஒன்றுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

மனு கொடுத்தால் ஒப்புகை கேட்டு வாங்குங்கள். ந.க. எண் அல்லது இ-சேவை விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். சாதிச் சான்றிதழுக்கு ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அடுத்த முறை போகும்போது எண்ணைச் சொல்லி, "எந்த அறிக்கைக்காக நிக்குது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிகிற ஆபீஸ்தான் ஒழுங்காக நடக்கும் ஆபீஸ்.